10:58: ஜார்ஜ் பிரைஸ் ஏன் அந்தப் பாலத்தைக் கடந்தார்?

முதல் உலகப் போரின் மேற்கு முனையில் (பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்துப் போர்முனையில்) 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. கனடிய காலாட்படைச் சிப்பாய் ஜார்ஜ் லாரன்ஸ் பிரைஸ் அன்று காலை 10:58க்கு இறந்தார். பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் அந்தப் போரில் கடைசியாகக் கொல்லப்பட்டவர் என்று அவரைத்தான் சொல்வார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். படிக்கிறவர்களும் "ஐயோ, இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா" என்று வருந்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அது மட்டும் போதாது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது அன்று அதிகாலை 5 மணியை ஒட்டி. அப்புறம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சண்டை ஏன் நடந்தது? ஒரு தனிச் சிப்பாய் அந்த நேரத்தில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து எதிரி இருக்கும் தெருவுக்குள் ஏன் போனார்? இதற்குப் பதில் தெரிந்தால், பிரைஸின் மரணத்தை விதியின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் மனிதர்கள் எடுத்த முடிவுகள் வரிசையாக இருக்கின்றன.

பிரைஸ் 1892 டிசம்பர் 15 அன்று கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஃபால்மத்தில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்திலேயே, போர்ட் வில்லியம்ஸ் பகுதியில். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பள்ளத்தாக்கு அது. உலகிலேயே மிக உயரமாக ஏறி இறங்கும் ஃபண்டி விரிகுடாவின் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்றவற்றம்), அந்த ஊர் ஆற்றுக்குள் வரை வந்து போகும். ஓதத்தைத் தடுத்துக் கரை கட்டி, கடலிடமிருந்து மீட்ட நிலத்தில் பயிர் செய்த ஊர்கள் அவை.

அந்தத் தலைமுறையில் கிழக்குக் கரை இளைஞர்கள் பலர் மேற்கே போனார்கள். சஸ்காச்சுவான் 1905இல்தான் தனி மாகாணமானது. புல்வெளியெல்லாம் கோதுமை வயலாக மாறிக்கொண்டிருந்தது, அறுவடைக்கு ஆள் போதவில்லை. ரயிலேறிப் போனால் வேலை உறுதி என்ற நிலை. பிரைஸும் அப்படிப் போய் மூஸ் ஜா என்ற ரயில்வே ஊரில் தங்கினார். பெரிய படிப்போ பதவியோ பத்திரிகையில் பேர் வரும்படியான சாதனையோ அவருக்கு இல்லை. உடலுழைப்பை நம்பிப் பிழைத்த லட்சக்கணக்கான கனடியர்களில் ஒருவர். அவர் இறந்த நிமிடம் தெரிந்த அளவுக்கு அவர் வாழ்ந்த ஆண்டுகள் நமக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சாதாரண மனிதர்கள் பதிவேட்டுக்குள் வருவது பிறக்கும்போதும் படையில் சேரும்போதும் சாகும்போதும்தான்.

பிரைஸ் பதிவேட்டுக்குள் இரண்டாவது முறை வந்த நாள் 1917 அக்டோபர் 15. அந்த ஆண்டின் பின்னணி தெரியாமல் இந்தத் தேதியைப் புரிந்துகொள்ள முடியாது. ஏப்ரலில் பிரான்ஸின் விமி குன்றைக் கனடியப் படை பிடித்தது. கனடாவின் பெருமைக்குரிய வெற்றி என்று இன்றும் பேசப்படும் அந்த நான்கு நாளில் இறந்தவர்கள் 3,598 பேர், காயமடைந்தவர்கள் ஏறக்குறைய ஏழாயிரம் பேர். அந்த இடங்களை நிரப்பும் அளவுக்குத் தன்னார்வலர்கள் வரவில்லை. கட்டாயப் படைச்சேர்ப்பு வராது என்று போரின் தொடக்கத்தில் சொல்லியிருந்த பிரதமர் ராபர்ட் போர்டன், சொன்னதை மாற்றிக்கொண்டார். ராணுவச் சேவைச் சட்டம் 1917 ஆகஸ்ட் 29 அன்று நிறைவேறியது. நாடு இரண்டாகப் பிளந்தது. பிரெஞ்சு பேசும் கியூபெக் கடுமையாக எதிர்த்தது. 1918 ஈஸ்டர் சமயத்தில் கியூபெக் நகரத்தில் கலவரம் வெடித்து, ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் நான்கு பேர் இறந்தார்கள்.

பிரைஸ் இந்தச் சட்டத்தின் கீழ் அழைக்கப்பட்டவர் என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கட்டாயத்தின் பேரில் வந்தவர்களை ஒரு படி குறைத்துப் பார்க்கும் மனப்பான்மை அன்று இருந்தது, பின்னாளிலும் அது எளிதில் போகவில்லை. தானாக முன்வந்தவன் வீரன், இழுத்து வரப்பட்டவன் வேறு ரகம் என்ற எண்ணம். போர் முடியும் முன் களத்தின் படைப்பிரிவுகளுக்கு வந்து சேர்ந்த கட்டாயச் சிப்பாய்கள் ஏறக்குறைய 24,000 பேர். கனடாவின் மிகப் பெரிய வெற்றிகள் வந்த கடைசி மூன்று மாதத்தில் பட்டாலியன்களை நிற்க வைத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எப்படி வந்தார்கள் என்பதை வைத்து அவர்கள் எப்படிப் போரிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிரைஸ் போய்ச் சேர்ந்தது 28ஆவது பட்டாலியனில், ஏ கம்பெனியில். வடமேற்கு பட்டாலியன் என்று பெயர். 1914இன் கடைசியில் திரட்டப்பட்டு, 1915 செப்டம்பரில் பிரான்ஸுக்குப் போன படை. இரண்டாவது டிவிஷனின் ஆறாவது பிரிகேடில் அது இருந்தது (கம்பெனிகள் சேர்ந்தது பட்டாலியன், பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேடு, பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன்). விமி குன்றின் மேல் ஒரு தேசம் பிறந்ததைப் பார்த்தேன் என்று பின்னாளில் எழுதி, கனடியப் பாடப்புத்தகங்கள் வரை போன அலெக்சாண்டர் ராஸ், விமியில் தலைமை தாங்கியது இந்த 28ஆவது பட்டாலியனுக்குத்தான். பிரைஸ் வந்தபோது அந்தப் புகழெல்லாம் பழையதாகிவிட்டது. பட்டாலியனின் பெயர் அதேதான், ஆனால் முதலில் புறப்பட்டு வந்த முகங்களில் எத்தனையோ இப்போது இல்லை.

1918 ஆகஸ்ட் 8 அன்று அமியென் நகருக்கு வெளியே தொடங்கிய தாக்குதலிலிருந்து நவம்பர் 11 வரையிலான காலத்தைக் கனடாவின் நூறு நாட்கள் என்பார்கள். அராஸ், கனால் து நோர், கம்ப்ரே, வலான்சியென் என்று போய் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் முடிந்த பாதை அது. அந்த நூறு நாளில் கனடியப் படையில் கொல்லப்பட்டவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 45,000க்கும் மேல். போரிலேயே கனடாவுக்கு மிக அதிக விலை கேட்ட காலம் இதுதான். நம் மனதில் முதல் உலகப் போர் என்றால் சேறும் பதுங்குகுழியும்தான் வரும். அதனால் இந்தக் கணக்கு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நூறு நாட்களில் போரின் முகமே மாறிவிட்டது. பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து, திறந்த வெளியில், ஊர் ஊராக, தெருத் தெருவாக முன்னேறும் சண்டை. ஜெர்மானியப் படை பின்வாங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் போகும்போது ஒவ்வொரு ஊரிலும் மெஷின் கன்னோடு ஒரு சிறு குழுவை விட்டுவிட்டுப் போகும். துரத்தி வருகிறவர்களை அந்தக் குழு சில மணி நேரம் தாமதப்படுத்தும். பிறகு அதுவும் நழுவிவிடும். முன்னால் போகும் சிப்பாய்க்கு இதன் பொருள் ஒன்றே: ஒவ்வொரு ஜன்னலையும் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப் போனவர்கள்தான் நவம்பர் 11 அன்று கால்வாய்க் கரையில் நின்றார்கள்.

இனி அந்த ஆறு மணி நேரத்துக்கு வருவோம்.

பிரான்ஸின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் நேசநாடுகளின் தலைமைத் தளபதி ஃபோஷ் இருந்தார். மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் தலைமையில் ஜெர்மானியத் தூதுக்குழு நவம்பர் 8 காலை அங்கே வந்தது. ஃபோஷ் நிபந்தனைகளை வாசிக்கச் சொல்லி, பதில் சொல்ல 72 மணி நேரம் கொடுத்தார். பேச்சு நடக்கும்வரையாவது சண்டையை நிறுத்தலாமே என்று எர்ஸ்பெர்கர் கேட்டார். ஃபோஷ் மறுத்துவிட்டார். கெடு தொடங்கியது 8ஆம் தேதி காலை 11 மணிக்கு, முடிவது 11ஆம் தேதி காலை 11 மணிக்கு. பதினோராம் மாதம் பதினோராம் நாள் பதினோராவது மணி என்று இன்று நினைவுநாள் உரைகளில் கேட்கிறோமே, அந்த மணி இப்படி ஒரு கெடுவின் முடிவாக வந்ததுதான்.

ஃபோஷின் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது. அழுத்தத்தைத் தளர்த்தினால் ஜெர்மனி கையெழுத்துப் போடாமல் காலம் கடத்தும், படையைத் திரட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்த வாதம் 11ஆம் தேதி அதிகாலை கையெழுத்து விழும்வரை செல்லும். அதற்குப் பிறகு செல்லாது. கையெழுத்துக்கும் 11 மணிக்கும் இடையே இறந்தவர்கள் எந்தப் பேச்சுவார்த்தையின் முடிவையும் மாற்றவில்லை. செய்தி எல்லா முனைகளுக்கும் போய்ச் சேர அவகாசம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செய்தி போய்ச் சேரும் நேரத்தில் முன்னேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த முடிவு ஒவ்வொரு தளபதியின் கையிலும் விடப்பட்டது. சிலர் நிறுத்தினார்கள், பலர் நிறுத்தவில்லை. அன்று ஒரே நாளில் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 2,700 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

28ஆவது பட்டாலியனுக்கு முந்தைய உத்தரவே நடைமுறையில் இருந்தது. கனால் து சாந்த்ர் என்ற கால்வாய் வரை முன்னேறி அதன் பாலங்களைப் பிடிக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்ட படை, வழியில் சிறு எதிர்ப்புகளைத் தள்ளிக்கொண்டு, 9 மணியளவில் மோன்ஸுக்குக் கிழக்கே வில்-சூர்-ஏன் என்ற பெல்ஜியச் சிற்றூருக்கு எதிரே கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டது. கனடியப் படைத் தலைமையகத்துக்குப் போர்நிறுத்தச் செய்தி கிடைத்தது காலை 6:30 மணியளவில். அங்கிருந்து டிவிஷன், பிரிகேடு, பட்டாலியன் என்று படிப்படியாக இறங்கி, நகர்ந்துகொண்டே இருக்கும் படையைத் தேடிப் பிடித்து வர வேண்டும். 28ஆவது பட்டாலியனுக்கு அது 9 மணி வாக்கில் கிடைத்தது. பட்டாலியனுக்குக் கிடைத்தது என்பதும் கரையில் நிற்கும் ஒவ்வொரு சிப்பாயின் காதுக்கும் எட்டியது என்பதும் ஒன்றல்ல.

பிரைஸும் அவர் தோழர் ஆர்ட் குட்வொர்தியும் இருந்த இடம் திறந்த கரை. மறைவு எதுவும் இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். மேல்மாடத்துச் சுவர்களில் ஆங்காங்கே செங்கல் பெயர்க்கப்பட்டிருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. துப்பாக்கி நீட்ட ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பார்த்ததும் புரிந்திருக்கும். அங்கிருந்து சுட ஆரம்பித்தால் கரையில் நிற்கும் மொத்தக் கம்பெனியும் மாட்டிக்கொள்ளும். குட்வொர்தி பின்னாளில் சொன்னபடி, மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல், தாங்களாகவே ஐந்து பேர் சேர்ந்து பாலத்தைக் கடந்து அந்த வீடுகளைச் சோதிக்கப் போனார்கள்.

இதை வேண்டாத வேலை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. போர் முடியப் போகிறது என்று தெரிந்தே போனார்களா என்பது இங்கே பெரிய கேள்வி இல்லை. தெரிந்திருந்தாலும், எதிரே ஓட்டை போட்ட சுவர் இருக்கும்போது 11 மணி வரை எதிராளி சுட மாட்டான் என்று நம்ப அவர்களிடம் எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் செய்தது நூறு நாளாகச் செய்து வந்த வேலை. அதுவும் தங்கள் கம்பெனி ஆட்களின் உயிரைக் காக்க. அவர்கள் சந்தேகப்பட்டது சரி என்பதும் உடனே தெரிந்துவிட்டது.

வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனபோது, கால்வாயைப் பார்த்தபடி இருந்த ஒரு செங்கல் சுவரின் மேல் ஜெர்மானியர்கள் மெஷின் கன்களைப் பொருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அவர்களும் இவர்களைப் பார்த்துச் சுட்டார்கள். ஐந்து பேரையும் வீட்டுச் சுவர் காப்பாற்றியது. தங்கள் இடம் தெரிந்துவிட்டது, பக்கவாட்டில் வந்துவிட்டார்கள் என்று உணர்ந்த ஜெர்மானியர்கள் பின்வாங்கத் தொடங்கினார்கள். வீட்டில் இருந்த பெல்ஜியக் குடும்பம், கவனம், வெளியே போகாதீர்கள் என்று எச்சரித்தது. பிரைஸ் தெருவில் கால் வைத்தார். எங்கிருந்தோ மறைந்திருந்த ஒருவன் சுட்ட குண்டு அவரைத் தாக்கியது. உடனே வீட்டுக்குள் இழுத்தார்கள். பக்கத்திலிருந்து ஓடி வந்த இளம் பெல்ஜியப் பெண் ஒருவர் காப்பாற்றப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். குண்டு எந்தப் பக்கம் பாய்ந்தது, எத்தனை நொடி உயிர் இருந்தது என்பதில் விவரணைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். நேரத்தில் மட்டும் மாற்றமில்லை: 10:58. இன்னும் ஐந்து வாரத்தில் அவருக்கு 26 வயது ஆகியிருக்கும்.

அன்று அவர் தனியாக இல்லை. பிரெஞ்சுச் சிப்பாய் ஒகுஸ்தேன் திரெபுஷோன், சகாக்களுக்குச் செய்தி கொண்டுபோகும் வழியில் 11 மணிக்குச் சற்று முன் கொல்லப்பட்டார். அவர் இறந்த தேதியை நவம்பர் 10 என்று பிரெஞ்சு ராணுவம் பதிந்துகொண்டது. அமெரிக்கச் சிப்பாய் ஹென்றி குந்தர் 10:59க்கு விழுந்தார். ஒரு நாட்டின் அரசு தன் கடைசிச் சிப்பாயின் இறப்பை ஒரு நாள் முன்தேதியிட்டது என்றால், போர் நின்ற நாளில் நடந்த சாவுகளை விளக்குவது அவர்களுக்கே எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! அந்த வகையில் பிரைஸின் நினைவுப் பலகையில் நிமிடம்கூட மறைக்கப்படாமல் பொறிக்கப்பட்டிருப்பதை நான் மதிக்கிறேன்.

கனடாவில் இந்தச் சங்கடம் நீதிமன்றம் வரை போனது. நவம்பர் 10 இரவும் 11 அதிகாலையுமாகக் கனடியப் படை மோன்ஸ் நகரைப் பிடித்தது. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை முதன்முதலில் ஜெர்மானியரோடு மோதிப் பின்வாங்கிய ஊர் அது. போர் முடியும் நேரத்தில் அந்த ஊரைப் பிடித்தாக வேண்டும் என்ற ஆசைக்காகக் கனடியப் படையின் தளபதி ஆர்தர் கர்ரி வீணாக உயிர்களைப் பலி கொடுத்தார் என்று முன்னாள் அமைச்சர் சாம் ஹியூஸ் 1919இல் நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். 1927இல் ஒன்டாரியோவின் போர்ட் ஹோப் ஊர்ப் பத்திரிகை அதே குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் போட்டது. கர்ரி 50,000 டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். 1928இல் கோபர்க் நகரில் விசாரணை. நடுவர் குழு கர்ரி பக்கம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் நஷ்ட ஈடு 500 டாலர்தான்.

பிரைஸின் சாவையும் மோன்ஸ் தாக்குதலையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கமாகிவிட்டது. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மோன்ஸுக்குள் நுழைந்தவர்கள் வேறு டிவிஷனின் பட்டாலியன்கள். பிரைஸ் இறந்தது ஊருக்கு வெளியே, கால்வாய்ப் பாலங்களை நோக்கிய பொது முன்னேற்றத்தில். அந்தப் பாலங்களுக்கு ராணுவ அர்த்தம் இருந்தது. முதலில் கையெழுத்தான போர்நிறுத்தம் 36 நாளுக்கு மட்டுமே. சமாதான ஒப்பந்தம் வெர்சாயில் கையெழுத்தாக 1919 ஜூன் 28 ஆகிவிட்டது. இடையில் பேச்சு முறிந்திருந்தால் பாலம் யார் கையில் என்பது முக்கியமாகியிருக்கும். இந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. அந்தக் காலைப்பொழுதுக்கு அது போதுமான காரணமா என்று கேட்டால், போதாது என்பதே என் பதில். பின்வாங்கிக்கொண்டிருந்த எதிரி 11 மணிக்குப் பிறகு ஒப்பந்தப்படி பெல்ஜியத்தையே காலி செய்யப் போகிறான். பாலம் தானாகவே கைக்கு வந்திருக்கும்.

பிரைஸை முதலில் ஆவ்ரே ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிறகு மோன்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள சேன் சிம்ஃபோரியன் ராணுவக் கல்லறைக்கு மாற்றினார்கள். 1914இல் இரு தரப்பு இறந்தவர்களையும் அடக்கம் செய்ய ஜெர்மானியர்கள் உருவாக்கிய இடம் அது. நிலம் கொடுத்தவர் உள்ளூர்க்காரரான ஷான் ஊசோ த லெஹே. ஜெர்மானியர் 284 பேரும் பிரிட்டிஷ் பேரரசின் படையினர் 229 பேரும் மரங்களுக்கு நடுவே கிடக்கிறார்கள். பிரிட்டனின் முதல் பலி என்று கருதப்படும் ஜான் பார், வயது 17, அங்கேதான் இருக்கிறார். பிரிட்டனின் கடைசிப் பலியான ஜார்ஜ் எலிசனும் அவருக்கு எதிரே சில அடி தூரத்தில் இருக்கிறார். எலிசன் லீட்ஸ் நகரத்துக்காரர், நான்கு ஆண்டுப் போரையும் தாண்டி வந்து நவம்பர் 11 காலை 9:30க்கு இறந்தவர்.

வில்-சூர்-ஏன் ஊர் பிரைஸை விட்டுவிடவில்லை. 1968இல், ஐம்பதாவது ஆண்டில், அவருடைய பழைய தோழர்கள் திரும்பி வந்து அவர் விழுந்த இடத்தருகே ஒரு வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை வைத்தார்கள். பின்பு வீடு இடிக்கப்பட்டபோது பலகையைப் பத்திரமாக எடுத்து அருகிலேயே ஒரு நினைவுக்கல்லில் பதித்தார்கள். 1991இல் அந்தக் கால்வாயின் மேல் கட்டிய நடைபாலத்துக்கு, நவம்பர் 11 அன்று, அவர் பெயரையே வைத்தார்கள். பக்கத்து லெ ருல் ஊரில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர் உண்டு. மூஸ் ஜாவிலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் பெயரைப் பெல்ஜியக் குழந்தைகள் தங்கள் பள்ளியின் பெயராகச் சொல்லி வளர்கிறார்கள்.

தோழர்கள் வைத்த பலகையில் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் அவருடைய எண், பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன், நேரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசியில், மேற்கு முனையில் இறந்த கடைசிக் கனடியச் சிப்பாய் என்று எழுதியிருக்கிறார்கள். போரில் இறந்த கடைசிக் கனடியர் என்று எழுதவில்லை. அவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். அதே நவம்பர் 11 அன்று வட ரஷ்யாவில், த்வினா ஆற்றங்கரையின் துல்காஸ் கிராமத்தில் போல்ஷெவிக் படை தாக்குதலைத் தொடங்கியது. அங்கே அவர்களை எதிர்த்து நின்ற நேசநாட்டுப் படையின் பீரங்கிகளை இயக்கிக்கொண்டிருந்தவர்கள் கனடியர்கள். ஜெர்மனியோடு செய்த போர்நிறுத்தம் அந்த முனைக்குப் பொருந்தவில்லை, அங்கே சண்டை நான்கு நாள் நீடித்தது. இந்தப் போரில் இறந்தவர்களின் கணக்கைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தே வைத்திருக்கிறது.